மலைராஜா இறங்கி வந்த விதம்

கப்பல் வருகிற நாளில் நீ ஓர் அங்குலம் உயர்ந்துவிடுகிறாய் என்பாள் என் மனைவி வெர்னிஸ். உண்மைதான். எங்கள் சின்னத் தீவின் ரோசோ நகரத்தில் விடிவதற்குள் பதினான்கு மாடிக் கப்பல் ஒன்று வந்து கரையோரமாக நின்றுவிடும். வங்கி, தபால் நிலையம், மாதா கோயில் எல்லாம் அதன் காலடியில் தீப்பெட்டி மாதிரி ஆகிவிடும். மற்றவர்களுக்கு அதைப் பார்த்தால் மலைப்பாக இருக்குமாம். எனக்கு மட்டும், அது என்னைப் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று தோன்றும்.

என் பெயர் ஹெஸ்கத் லாரோண்ட். பதினேழு வருடமாகக் கப்பல் பயணிகளை வேனில் ஏற்றி, மலைக்குக் கொண்டுபோய், அருவியைக் காட்டி, பொழுது சாய்வதற்குள் திருப்பிக் கொண்டுவந்து விடுவதுதான் தொழில். வேனின் முன்கண்ணாடிக்கு மேலே மஞ்சள் எழுத்தில் 'மலைராஜா' என்று எழுதியிருக்கும். அது வேனின் பெயர் என்று ஊரார் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நான் அதை எனக்கு வைத்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்குப் புது வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு கிளம்பினேன். துறைமுக வாசலுக்கு எதிரே பழக்கூழைக் காய்ச்சி வெட்டிய கொய்யாக் கட்டியும் தேங்காய் மிட்டாயும் அடுக்கிக்கொண்டிருந்த வெர்னிஸ், என் காலைத்தான் முதலில் பார்த்தாள்.

"காட்டுக்குப் போறியா, ஞானஸ்நானத்துக்குப் போறியா?"

"வர்றவங்க நம்மளப் பார்த்து ஒரு மதிப்பு வைக்கணும், வெர்னிஸ்."

"அடிப்பக்கம் வழவழன்னு இருக்கே. மதிப்பு வழுக்கிடப் போகுது, பார்த்துக்க."

ஓட்டுநர் சங்கத்தில் யாருக்கு எந்தப் பயணி என்று பிரித்துக் கொடுக்கிறவள் யூஃபீமியா. எனக்கு நான்கு பேரைக் கொடுத்தாள். ஓஹியோவிலிருந்து வந்த ரேண்டல், ஏதோ டாக்டராம், அவர் மனைவி ஷெரில். ஹாலந்துக்காரர் ஒருவர், பெயர் யாப், கதவு உயரம் இருப்பார், வாயைத் திறக்க மாட்டார். நான்காவது மிஸ் ஐவி. இங்கிலாந்து. எழுபத்து நான்கு வயது, துணித் தொப்பி, மடியில் ஒரு பை, அதற்குள் கப்பல் காலை உணவிலிருந்து சுருட்டிக்கொண்டு வந்த ரொட்டி.

"நாலரைக்கு எல்லாரும் கப்பல்ல இருக்கணும்," என்றாள் யூஃபீமியா.

"பதினேழு வருஷத்துல என் ஆள் ஒருத்தரைக்கூட கப்பல் விட்டுட்டுப் போனதில்ல."

"தெரியும். போன வாரமும் சொன்ன. அதுக்கு முந்தின வாரமும் சொன்ன."

மிஸ் ஐவியை முன் இருக்கையில் என் பக்கத்தில் உட்கார வைத்தேன். வயதானவர்களுக்கு அங்கே குலுக்கல் குறைவு. தவிர, மலை வளைவில் நான் ஒற்றைக் கையால் ஸ்டியரிங்கைச் சுழற்றுவதைப் பக்கத்தில் இருக்கிறவர்கள்தான் நன்றாகப் பார்க்க முடியும். நகரத்தைத் தாண்டியதும் சாலை செங்குத்தாக ஏறத் தொடங்கும். ஒரு பக்கம் ஈரமாகக் கசியும் மண்சுவர். மறுபக்கம் வாழையும் பெரணியும் மூடிய பள்ளம், அதன் அடியில் ஆறு. மழை வந்தால் சாலையும் ஆறும் ஒன்றுதான். இடது கையை ஜன்னலுக்கு வெளியே போட முடியாததால், அதை என் தொடைமேல் ராஜா மாதிரி வைத்துக்கொண்டேன்.

"மிஸ் ஐவி, பயமா இருந்தா கண்ணை மூடிக்குங்க. இந்த வளைவெல்லாம் எனக்குத் தூக்கத்துலயே தெரியும்."

"பயமில்லப்பா. நீ மூணாவது கியர்ல ஏத்திக்கிட்டிருக்க. வண்டிக்கு மூச்சு வாங்குது. அதைத்தான் கேட்டுக்கிட்டிருக்கேன்."

நான் பின்பக்கம் திரும்பி, "அம்மாவுக்கு கியரெல்லாம் தெரியுது பாருங்க!" என்றேன். ரேண்டலும் ஷெரிலும் மரியாதைக்குச் சிரித்தார்கள். மிஸ் ஐவியும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் அப்போது சரியாகக் கவனித்திருக்க வேண்டும்.

வழியில் ஒரு மரத்தடியில் நிறுத்தினேன். முந்நூறு வருடத்து மரம், கடற்கொள்ளைக்காரர்களை இதில்தான் தூக்கில் போட்டார்கள் என்று ஒவ்வொரு கப்பலுக்கும் சொல்லுகிற மரம். ரேண்டல் போனை எடுத்து ஓர் இலையைப் படம் பிடித்தார். இப்போதெல்லாம் போன் மரத்தின் ஜாதகத்தையே சொல்லிவிடுகிறது.

"வேலிக்கு நடுற மரம்னு சொல்லுதே, ஹெஸ்கத்? குச்சியை ஒடிச்சு நட்டா ரெண்டு வருஷத்துல இந்த அளவு வந்துருமாம்."

"அது... இதோட அப்பா மரம். அது விழுந்துருச்சு. அதே இடத்துல இது."

"ஓ," என்றார் ரேண்டல். கெட்டவர் இல்லை. போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

அருவிக்கு வேனிலிருந்து இறங்கி அரை மணி நேரம் நடக்க வேண்டும். அந்த அருவியைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். அதற்குப் பெயரே கிடையாது. பக்கத்துக் கிராமத்தில் 'அந்தத் தண்ணி' என்பார்கள், அவ்வளவுதான். ஒன்பது வருடம் முன்னால் ஒரு பயணி பெயர் கேட்டபோது, தெரியாது என்று சொல்ல வாய் வராமல், 'மணப்பெண் அருவி' என்றேன். ஏன் அந்தப் பெயர் என்று கேட்டார். பிடிக்காத கல்யாணத்திலிருந்து தப்பி ஓடி வந்த பெண் ஒருத்தி மேலேயிருந்து குதித்தாள் என்றேன். அடுத்த வருடம் கிராமத்துக்காரர்கள் சொல்லி, அரசாங்கமே பெயர்ப்பலகை எழுதி நட்டுவிட்டது. நான் சொன்ன பொய்களில் அரசாங்க பெயின்ட் அடித்துக்கொண்டது அது ஒன்றுதான்.

அன்றைக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, எனக்கு முன்னால் டெல்வின் அங்கே இருந்தான். என்னைவிடப் பத்து வயது சின்னவன், என்னிடம் தொழில் பழகியவன், இப்போது என்னைவிடப் பெரிய வேன் வைத்திருக்கிறவன். பன்னிரண்டு பேரைச் சுற்றி நிற்க வைத்துக் கதை சொல்லிக்கொண்டிருந்தான்.

"...பொண்ணு முன்னால ஓடுறா. அவ பின்னால அவங்கப்பா. அவருக்குப் பின்னால மாப்பிள்ளை, வெள்ளைக் குதிரைமேல!"

குதிரையா? ஆடு ஏறுவதற்கே யோசிக்கிற பாதை அது. ஆனால் பன்னிரண்டு பேரும் வாயைப் பிளந்து கேட்டார்கள். என் ஆட்கள் நான்கு பேரும் நகர்ந்து நகர்ந்து அவன் பக்கம் போய் நின்றுகொண்டார்கள். குதிரை பொய் என்று நான் சொல்ல முடியாது. சொன்னால் பெண்ணும் பொய் என்று ஒத்துக்கொள்ள வேண்டிவரும்.

டெல்வின் தன் ஆட்களைச் சாப்பாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகும்போது என் தோளைத் தட்டி, "நல்ல ஷூ, ஹெஸ்கத்தண்ணே," என்று சொல்லிவிட்டுப் போனான்.

என் நான்கு பேரையும் எப்படியாவது திரும்பப் பிடித்துவிட வேண்டும் என்று எனக்கு வெறி வந்துவிட்டது. யாப் அருவி விழுகிற குளத்தில் நீந்திக்கொண்டிருந்தார். மிஸ் ஐவி பாறையில் உட்கார்ந்து ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அவன் சொன்னது பாதிதான்," என்று ஆரம்பித்தேன். "மாப்பிள்ளை குதிரையை விட்டு இறங்கி, இந்தப் பாறையிலிருந்து அந்தப் பாறைக்குத் தாவினான். எங்க வம்சத்து ஆளு அவன். இன்னிக்கும் எங்க வீட்டு ஆம்பளைங்க எல்லாரும் அதைத் தாவுவோம்."

என் வம்சத்தில் அதுவரை யாரும் எதையும் தாவியதில்லை. என் அப்பா வாசற்படி இறங்குவதற்கே கைப்பிடி தேடுவார்.

"நிஜமாவா? இருங்க, வீடியோ எடுக்கறேன்," என்றாள் ஷெரில்.

வீடியோ என்று சொன்ன பிறகு பின்வாங்க முடியுமா? இரண்டு அடி பின்னால் போய் ஓடி வந்தேன். பாசி, புதுத் தோல், என் எண்பத்தெட்டு கிலோ. மூன்றும் ஒரே நேரத்தில் சந்தித்தன. நடுவானில் இருக்கும்போதே, இது எப்படி முடியப்போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பாறைக்கும் தண்ணீருக்கும் நடுவில் விழுந்தேன். கணுக்காலில் 'டக்' என்று ஒரு சத்தம். கண் திறந்தபோது என் ஒரு வெள்ளை ஷூ ஆற்றோடு அன்னம் மாதிரி மிதந்து போய்க்கொண்டிருந்தது.

"டாக்டர்! நீங்க டாக்டர்னு சொன்னீங்களே!" என்று ரேண்டலைப் பார்த்துக் கத்தினேன்.

"பல் டாக்டர்," என்றார் அவர். ஆனாலும் குனிந்து கணுக்காலை அழுத்திப் பார்த்தார். நான் போட்ட கூச்சலில் மேலே கிளிகள் பறந்தன. "பல்லா இருந்தா என்னன்னு சொல்லிடுவேன்," என்றார் வருத்தமாக.

மிஸ் ஐவிதான் கழுத்துத் துணியை அவிழ்த்து இறுகக் கட்டுப் போட்டார். போனில் சிக்னல் இல்லை. அந்தப் பள்ளத்தில் யாருக்கும் இருந்ததில்லை. நான் எழுந்து நிற்கப் பார்த்து மறுபடி உட்கார்ந்தேன். அப்போது யாப் தண்ணீரிலிருந்து ஏறி வந்து, துண்டால் முகத்தைத் துடைத்துவிட்டு, எனக்கு முதுகைக் காட்டிக் குனிந்தார்.

இப்படியாக, மலைராஜா ஒரு ஹாலந்துக்காரரின் முதுகில் உப்புமூட்டை ஏறி மலையிலிருந்து இறங்கினான். கொஞ்ச தூரம் போனதும் எனக்கு அவமானம் தாங்கவில்லை. தொழிலையாவது விடாமல் செய்வோம் என்று, "இடது பக்கம் பாருங்க, இந்தப் பெரணி மரம் நம்ம தீவுல மட்டும்தான்..." என்று முதுகிலிருந்தபடியே ஆரம்பித்தேன்.

"கொஞ்ச நேரம் சும்மா வாப்பா," என்றார் மிஸ் ஐவி.

வேனிடம் வந்தபோது மணி மூன்று இருபது. சாதாரணமாக முப்பத்தைந்து நிமிடத்தில் துறைமுகம் போய்விடலாம், ஓட்ட ஆள் இருந்தால். டெல்வினின் வேனைக் காணோம். ரேண்டல் ஸ்டியரிங்கைப் பார்த்தார், கியரைப் பார்த்தார், கையை விரித்தார்.

"எங்க ஊர்ல சாலைக்கு வலது பக்கம். கியர் தானா மாறும். இதுல நான் உட்கார்ந்தா அஞ்சு பேரும் ஆத்துலதான்."

ஷெரிலும் அப்படியே. யாப் முதல்முறையாக வாயைத் திறந்தார்: "சைக்கிள் மட்டும்."

பதினேழு வருடம் கண்முன் வந்து நின்றது. கப்பல் இவர்களை விட்டுவிட்டுப் போகப்போகிறது. யூஃபீமியா என்ன சொல்வாள், டெல்வின் எப்படிச் சிரிப்பான் என்றுதான் அப்போது நினைத்தேன். இந்த நான்கு பேர் ராத்திரி எங்கே படுப்பார்கள் என்று நினைத்தேன் என்று சொல்ல ஆசைதான். நினைக்கவில்லை.

"சாவியைக் குடு," என்றார் மிஸ் ஐவி.

"அம்மா, இது கார் இல்ல. இது..."

"ஷெஃபீல்டுல முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டினேன். மாடி பஸ். ஏழு மலை எங்க ஊர்ல. ஜனவரியில பனிக்கட்டிமேல எழுபது பேரை ஏத்திக்கிட்டு இறங்குவேன். குடுப்பா."

"காலையிலேயே ஏன் சொல்லல?"

"நீ கேக்கவே இல்லையே. கண்ணை மூடிக்கன்னுதான் சொன்ன."

இருக்கையை முன்னால் இழுத்தார். கண்ணாடியைத் திருப்பினார். "இதுல உன் தலைமுடி மட்டும்தான் தெரியுது. பின்னால வர்ற வண்டி எப்படித் தெரியும்?" என்றார். இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தார். என் வேன் அப்படி ஓர் ஒலி எழுப்பி நான் கேட்டதே இல்லை. திருப்தியாகச் சாப்பிட்ட பூனை மாதிரி உறுமியது.

முன் இருக்கையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த நான், பதினேழு வருடத்தில் முதல்முறையாக அந்தச் சாலையைப் பயணியாகப் பார்த்தேன். ஒரு வளைவில் மரங்கள் விலகி, கீழே ரோசோவின் சிவப்புத் தகரக் கூரைகளும் அதற்கப்பால் கடலும் தெரிந்தன. அதைத்தான் தினமும் "பாருங்க, பாருங்க" என்று காட்டுகிறேன். நான் பார்த்ததில்லை.

முதல் கிராமத்தில், சந்தைக்குப் போகிற மா டிட்டின் சேப்பங்கிழங்கு மூட்டையோடு சாலையோரம் நின்று கையைக் காட்டினாள். மிஸ் ஐவி நிறுத்திவிட்டார்.

"ஏன் நிறுத்துறீங்க?"

"கை காட்டினாங்களே," என்றார். முப்பத்தொரு வருடப் பழக்கம்.

அதற்குப் பிறகு கை காட்டியவர்களுக்கெல்லாம் நின்றார். ஒரு தச்சர், பள்ளி ஆசிரியை ஒருத்தி, கோழியோடு ஒருவர். ஒவ்வொருவரும் ஏறி, ஸ்டியரிங்கைப் பார்த்து, பிறகு என்னைப் பார்த்தார்கள். பயணிகளுக்குப் புரியக் கூடாது என்று எங்கள் க்வேயோல் மொழியில் பேசிக்கொண்டார்கள். எனக்குப் புரியும் என்பது அவர்களுக்கு ஒரு பொருட்டாக இல்லை.

"கடைசியில இந்த வண்டிக்கு ஒழுங்கா ஓட்ற ஆள் கிடைச்சாச்சு."

"அவன் ஓட்டும்போது நான் ஜெபமாலையை வெளிய எடுத்துருவேன். இன்னிக்கு பைக்குள்ளயே இருக்கு."

"காலுக்கு என்னடா?"

"தாவினேன்," என்றேன்.

"எதுக்கு?" என்றாள் மா டிட்டின். அன்றைக்கு முழுக்க என்னிடம் கேட்கப்பட்ட ஒரே நல்ல கேள்வி அதுதான்.

மழை பிடித்துக்கொண்டது. குறுகலான வளைவு ஒன்றில், மணல் ஏற்றிய லாரி மூக்குக்கு நேராக வந்து நின்றது. மேலேயிருந்து சரிந்த மண் பாதிச் சாலையை அடைத்திருந்தது. யாராவது ஒருவர் பின்னால் போக வேண்டும். நானாக இருந்தால் ஹாரனை அழுத்திக்கொண்டு, லாரிக்காரனின் பரம்பரையை ஒருமுறை வாசித்துவிட்டு, அவனே போகட்டும் என்று அரை மணி நேரம் நின்றிருப்பேன். கௌரவம் என்று வெளியே சொல்லிக்கொள்வேன். உண்மை என்னவென்றால், எனக்கு ரிவர்ஸ் வராது. வளைவில் மேல்நோக்கிப் பின்னால் போவது பதினேழு வருடமாக நான் யாருக்கும் தெரியாமல் தவிர்த்து வந்த விஷயம்.

மிஸ் ஐவி தலையை வெளியே நீட்டி ஒரு தடவை பார்த்தார். பிறகு அந்த வேனை, ஒன்பது பேரோடும் கோழியோடும், மழையில், மேட்டில், வளைவோடு வளைவாக நூறு அடி பின்னால் கொண்டுபோய், மண்சுவரை ஒரு விரல்கடைக்கு ஒட்டி நிறுத்தினார். லாரிக்காரன் கடந்து போகும்போது தொப்பியைக் கழற்றினான். பின்னால் எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

நான்கு மணி இருபத்திரண்டுக்குத் துறைமுக வாசலில் போய் நின்றோம். அன்றைக்குப் பார்த்து வாசலில் காவல் இருந்தது கான்ஸ்டபிள் ப்ராஸ்பர். என்னோடு பள்ளியில் ஒரே பெஞ்சு.

"யாரு ஓட்டிக்கிட்டு வர்றது?" என்றான்.

என்னிடம் மூன்று கதை தயாராக இருந்தது. முதலாவதை எடுத்தேன். "எங்க அத்தை, ப்ராஸ்பர். இங்கிலாந்துல இருக்காங்கன்னு..."

"உங்கப்பாவுக்குக் கூடப் பிறந்தவங்களே கிடையாதே."

வேனுக்குள்ளிருந்து எல்லாரும் ஒரே சமயத்தில் பேச ஆரம்பித்தார்கள். மா டிட்டினின் குரல்தான் மேலே வந்தது. "ப்ராஸ்பர், இந்த அம்மாவைக் கப்பல்ல அனுப்பாத. நாமளே வச்சுக்கலாம். அதுக்குப் பதிலா ஹெஸ்கத்தை அனுப்பிடு!"

கப்பல் ஊதியது. கடையை விட்டு ஓடி வந்த வெர்னிஸ், என் கட்டுப் போட்ட காலையும் வெறுங்காலையும் பார்த்துக்கொண்டு நின்றாள். மற்ற இரண்டு கதையையும் விழுங்கிவிட்டேன். "நான் வீம்புக்குப் பாறையில தாவி விழுந்தேன். ஓட்ட முடியல. இவங்க பஸ் டிரைவர். சாவியை நான்தான் குடுத்தேன். தப்பு என்னுது," என்றேன். அன்றைக்குக் காலையிலிருந்து நான் சொன்னதில் கலப்பில்லாத உண்மை அந்த ஐந்து வாக்கியம்தான். சொல்லி முடித்ததும் வியர்த்துவிட்டது.

ப்ராஸ்பர் என்னை மேலும் கீழும் பார்த்தான். பிறகு மிஸ் ஐவிக்கு சல்யூட் அடித்தான். "ஓடுங்கம்மா. உங்களை நான் பார்க்கவே இல்ல. இவனை நல்லாப் பார்த்துட்டேன்."

ரேண்டலும் ஷெரிலும் ஓடினார்கள். யாப் என்னை மறுபடியும் தூக்கி, வெர்னிஸின் நாற்காலியில் இறக்கி வைத்துவிட்டு ஓடினார். மிஸ் ஐவி மட்டும் ஓடவில்லை. சாவியை என் உள்ளங்கையில் வைத்தார்.

"அந்த மணப்பெண் கதை நிஜமாப்பா?"

"இல்ல மிஸ் ஐவி. நான் கட்டிவிட்டது."

"நெனச்சேன். கல்யாணக் கவுனோட அந்தப் பாதையில எவளும் ஏற முடியாது." வெர்னிஸ் கொடுத்த கொய்யாக் கட்டி ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார். "இருந்தாலும் நல்லா இருந்துச்சு. நாப்பது வருஷம் முன்னால நானும் ஒரு கல்யாணத்துலேருந்து ஓடினேன். பஸ்ஸுலதான்."

சொல்லிவிட்டு, சாதாரணமாக நடந்து, கடைசி ஆளாகக் கப்பலில் ஏறினார். கையை ஆட்டினாரா என்று தெரியவில்லை. அந்த உயரத்தில் எல்லாக் கையும் ஒரே மாதிரிதான் இருக்கிறது.

கணுக்காலில் சின்ன விரிசல் என்றார்கள் ஆஸ்பத்திரியில். ஐந்து வாரம் மாவுக்கட்டு. சங்கம் கூடி, பயணியிடம் வண்டியைக் கொடுத்ததற்காக இரண்டு மாதம் என் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. யூஃபீமியாவே வீட்டுக்கு வந்து சொன்னாள், கையில் ஒரு சீமைப்பலாவோடு. "இருந்தாலும் கப்பல் யாரையும் விட்டுட்டுப் போகல," என்றேன். "அது உன் கணக்குல வராது, ஹெஸ்கத்," என்றாள்.

ஷெரில் எடுத்த வீடியோ எப்படியோ எங்கள் தீவுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. நான் நடுவானில் இருக்கும்போது அது ஒரு விநாடி நிற்கிறது. என் முகத்தில் அப்போது தெரிகிற நம்பிக்கையைப் பார்த்தால் எனக்கே பாவமாக இருக்கிறது.

கட்டுப் பிரித்த மறுவாரம், கப்பல் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயில் பூசை முடிந்ததும் வெர்னிஸைக் கூட்டிக்கொண்டு, மணல் லாரி எதிரே வந்த அந்த வளைவுக்குப் போனேன். எதற்கு என்று அவளிடம் சொல்ல அரை மணி நேரம் ஆனது. இத்தனை வருடம் எனக்கு ரிவர்ஸ் வராது என்று சொன்னபோது அவள் சிரிக்கவில்லை.

"தெரியுமே. நம்ம வீட்டு வாசலுக்குள்ள வண்டியை விடாம, எப்பவும் தெருவுலயே நிறுத்துறியே, எனக்குத் தெரியாதா?"

இறங்கிப் பின்னால் போய் நின்றுகொண்டு, இடது, வலது, நில்லு என்று கையைக் காட்டினாள். முதல் தடவை மண்சுவரில் பின்விளக்கு நசுங்கியது. இரண்டாவது தடவை வேன் குறுக்காக நின்றுவிட்டது. மேலும் போகாது, கீழும் போகாது. கிராமத்திலிருந்து நான்கைந்து பேர் குடையோடு வந்து நின்று, ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். மூன்றாவது தடவை எல்லாருமே வாயை மூடிக்கொண்டார்கள். அதுதான் உதவியாக இருந்தது. சுவரில் உரசாமல், மூன்று நான்கு இடத்தில் நின்று நின்று, நூறு அடியும் பின்னால் போய் நிறுத்தினேன்.

கண்ணாடியில் வெர்னிஸ் தெரிந்தாள். தலைமுக்காட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு வளைவின் அடிப்பக்கத்தைக் கையால் காட்டினாள்.

"வண்டியைக் கீழ எறக்கு. இன்னொரு தடவை பின்னால வா."